யோக்கோஹாமாவிலிருந்து ஓசூர் வரை: நிசானின் பங்குக் கணக்கு

ஏரியூரிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் தக்காளிக் கூடைகளையும் நிலக்கடலை மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் சின்ன லாரிகளில் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ பலருக்கும் பழக்கமானது. ‘நம்ம ஓசூர் வண்டி’ என்று உரிமையோடு சொல்ல முடிகிற வண்டி அது. 2011-ல் அது சந்தைக்கு வந்தபோது அந்த உரிமையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஜப்பானின் நிசான் கையில் இருந்தது. வண்டியைச் செய்த கூட்டு நிறுவனத்தில் அசோக் லேலண்டுக்கு 51 சதவீதம், நிசானுக்கு 49. இன்று அந்த 49 இல்லை. அது எப்படி வந்தது, ஏன் போனது என்று தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

டொயோட்டாவுக்கு டொயோடா குடும்பம் இருந்தது. ஹோண்டாவுக்கு சொய்ச்சிரோ ஹோண்டா இருந்தார். நிசானுக்கு அப்படி ஒரு வீட்டுப் பெரியவர் கடைசிவரை வாய்க்கவில்லை. யோஷிசுகே ஆய்க்காவா அதை ஆரம்பித்தார் என்பது உண்மை. அமெரிக்க வார்ப்பாலைகளில் தொழிலாளியாக வேலை பார்த்துத் திரும்பி, 1910-ல் சொந்த வார்ப்பாலை தொடங்கியவர். மைத்துனர் குஹாராவின் சுரங்க நிறுவனம் கடனில் தத்தளித்தபோது அதைக் கையிலெடுத்து, 1928-ல் ‘நிஹோன் சாங்கியோ’ என்ற தாய் நிறுவனமாக மாற்றினார். மித்சுயி, மித்சுபிஷி போன்ற பெரிய குழுமங்கள் குடும்பச் சொத்தாகப் பூட்டிக் கிடந்த காலத்தில் இவர் தாய் நிறுவனத்தின் பங்குகளையே பொதுமக்களுக்கு விற்றார். ஹிட்டாச்சியும் அந்தக் குழுமத்தில்தான் இருந்தது. பங்குச் சந்தை அந்த நீளப் பெயரைச் சுருக்கி நிசான் என்றது.

1933 டிசம்பர் 26-ல் யோக்கோஹாமாவில் கார் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே நிசான் மோட்டார் என்று பெயர் பெற்றது. அதற்கு முன்பே, 1911-ல் மசுஜிரோ ஹாஷிமோட்டோ தொடங்கிய சிறு பட்டறையின் வழிவந்த டாட்சன் கார், ஆய்க்காவாவின் கைக்கு வந்திருந்தது. கிரஹாம்-பெய்ஜ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரங்களையும் வடிவமைப்புகளையும் விலைக்கு வாங்கினார்கள். பிறகு ஆய்க்காவா ராணுவத்தின் அழைப்பை ஏற்று, 1937-ல் குழுமத்தின் தலைமையையே மஞ்சூரியாவுக்குக் கொண்டுபோனார். போர் முடிந்ததும் கைதாகி, சுமார் 20 மாதம் சுகமோ சிறையில் இருந்து, விசாரணையின்றி விடுதலையானார். ஜப்பானை ஆண்ட அமெரிக்கப் படை குழுமங்களைக் கலைத்தது. பெற்றவர் பிரிந்துபோன பிள்ளையாக நிசான் நின்றது.

அதன்பின் அந்த நிறுவனத்தை வங்கியும் அதிகாரிகளும் தொழிற்சங்கமும்தான் மாறிமாறி இழுத்தார்கள். 1952-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுக் கார் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1953-ல் தெத்சுவோ மசுதா தலைமையில் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் சுமார் 100 நாள் நீண்டது. நிர்வாகம் கதவடைத்தது. அதற்கு இணக்கமான இரண்டாவது சங்கம் முளைத்தது. முதல் சங்கம் உடைந்தது. ஜப்பானியத் தொழிலுறவின் ‘ஒற்றுமை’ பற்றி நம் மேலாண்மை வகுப்புகளில் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்த ஒற்றுமை பிறந்த விதத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1966-ல் பிரின்ஸ் நிறுவனத்தை இணைத்துக்கொண்டதும், 240இசட் காரால் அமெரிக்காவை ஈர்த்ததும் நல்ல காலத்துக் கதைகள். ஆனால் 1990-களின் முடிவில் கடன் 2 லட்சம் கோடி யென்னைத் தொட்டது. 1999 மார்ச்சில் பிரான்சின் ரெனோ 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. அங்கிருந்து வந்த கார்லோஸ் கோஸ்ன், 21,000 வேலைகளைக் குறைப்பதாகவும் ஐந்து ஆலைகளை மூடுவதாகவும் அறிவித்தார். ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருந்த பங்குகளை விற்றுத் தள்ளினார். நிறுவனம் பிழைத்தது.

பிழைத்த விதத்தில்தான் சிக்கல் ஒட்டிக்கொண்டது. பிறகு ரெனோவின் பங்கு 43 சதவீதத்தைத் தாண்டியது. நிசானுக்கு ரெனோவில் கிடைத்தது 15 சதவீதம். அதற்கு ஓட்டுரிமை கிடையாது. ஆண்டுகள் செல்லச் செல்ல நிசான் ரெனோவைவிட அதிகக் கார் விற்றது. ரெனோவிலோ பிரெஞ்சு அரசே பெரிய பங்குதாரர். அதிகம் சம்பாதிக்கிறவனுக்குப் பேச்சுரிமை இல்லாத கூட்டுக் குடும்பம் எத்தனை நாள் நிற்கும்? 2018 நவம்பர் 19-ல் கோஸ்ன் டோக்கியோவில் கைதானார். தன் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியதாக வழக்கு, அவர் மறுத்தார். 2019 டிசம்பர் இறுதியில் ஜாமீனில் இருந்தபடியே லெபனானுக்குத் தப்பிவிட்டார். 2023-ல்தான் ஒருவருக்கொருவர் 15 சதவீத ஓட்டுரிமை என்று சமன் செய்துகொண்டார்கள்.

இந்தப் பங்குச் சண்டைகளின் நடுவில்தான் தமிழ்நாடு வருகிறது. முதலில் மஹிந்திரா, ரெனோ, நிசான் மூவரும் சேர்ந்து சென்னை அருகே ஆலை கட்டுவதாகத் திட்டம். 2008-ல் மஹிந்திரா விலகியது. மிச்சமிருந்த இருவர் ஒரகடத்தில் கட்டிய ஆலை 2010 மார்ச் 17-ல் திறக்கப்பட்டது. முதலீடு 4,500 கோடி ரூபாய். ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் திறன். நிசானுக்கு 70 சதவீதம், ரெனோவுக்கு 30. டிப்ளமோவும் ஐடிஐயும் முடித்த நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூரை விட்டால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் ஏறும் காலம் அது.

ஒரகடத்துத் தொழிலாளிகளின் கைவேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. அங்கே செய்த மைக்ரா ஐரோப்பாவுக்குப் போனது. 2022-க்குள் நிசான் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்த கார்கள் 10 லட்சத்தைத் தொட்டன. உள்நாட்டு விற்பனைதான் உயரவில்லை. டாட்சன் பெயரை 2013-ல் மீண்டும் உயிர்ப்பித்து, ‘கோ’ என்ற மலிவுக் காரை இறக்கினார்கள். 2022-ல் அதையும் இழுத்து மூடினார்கள். ரெனோ ஒரு பெயரிலும் நிசான் இன்னொரு பெயரிலும் ஏறக்குறைய ஒரே காரை விற்றுத் தங்களுக்குள்ளேயே போட்டியிட்டதும் உதவவில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஆலைக்குள் போதிய இடைவெளி இல்லையென்று தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ஆலை சில நாள் மூடப்பட்டது.

ஓசூர்க் கதை வேறு விதமாகத் திரும்பியது. அசோக் லேலண்டும் நிசானும் 2008-ல் மூன்று கூட்டு நிறுவனங்களை அமைத்தன. வண்டி செய்வதில் லேலண்டுக்கு 51, எஞ்சின் செய்வதில் நிசானுக்கு 51, தொழில்நுட்பத்தில் சரிபாதி. முதல் பிள்ளைதான் ஒன்றேகால் டன் சுமக்கும் தோஸ்த். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏற்றமும் இறக்கமுமான நம் சாலைகளுக்குப் பொருந்திப் போனது. அடுத்து வந்த ‘ஸ்டைல்’ வேன் ஓடவில்லை. கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு நீதிமன்றம்வரை போனது. கடைசியில் 2016-ல் நிசானின் பங்குகள் அனைத்தையும் லேலண்டே வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு தோஸ்த் நிற்கவில்லை. 2020-ல் சொந்த அடித்தளத்தில் ‘படா தோஸ்த்’ வந்தது. இரண்டு நாட்டுக்கு நடுவே முடிவு என்றிருக்கும் ஒரு கூட்டாளியிடமிருந்து தொழில் நம்மூர்க் கைக்கு முழுதாக வந்ததுதான் அந்த வண்டியைக் காப்பாற்றியது என்பது என் முடிவு.

நிசானின் நிலையோ சரிந்தது. 2024 டிசம்பரில் ஹோண்டாவோடு இணையப் பேச்சு தொடங்கியது. ஹோண்டா தன் துணை நிறுவனமாக இருக்கச் சொன்னதும் 2025 பிப்ரவரியில் பேச்சு முறிந்தது. அந்த நிதியாண்டில் நட்டம் சுமார் 67,000 கோடி யென். 20,000 வேலைக் குறைப்பு, 17 ஆலைகள் 10 ஆகும் என்று புதிய தலைவர் இவான் எஸ்பினோசா அறிவித்தார். 1961-ல் ஜப்பானில் திறந்த ஒப்பாமா ஆலையும் மூடப்படும் பட்டியலில் இருக்கிறது. ஒரகடத்தில் 70-லிருந்து குறைந்து தன்னிடம் மிஞ்சியிருந்த 51 சதவீதத்தையும் ரெனோவுக்கே விற்றது. 2025 ஆகஸ்ட்டிலிருந்து அந்த ஆலை முழுக்க ரெனோவின் சொத்து. நிசான் பெயரில் விற்கும் மேக்னைட் காரை இப்போது அங்கே ரெனோ செய்துகொடுக்கிறது.