தின்னர் வாடையைத் தின்னும் பாக்டீரியா: ஒரு குட்டி வரலாறு

1/
போன வாரம் ஓபியில ஒரு தம்பி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற வேலை. "சாயங்காலமானா தலைவலி, கிறுகிறுப்பு சார். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல." அந்தக் கடைசி வரியிலேயே பாதி விஷயம் புரிஞ்சிடுச்சு. தின்னர்.

கிளம்பும்போது கேட்டார்: "எண்ணெயைத் தின்னுற பாக்டீரியா இருக்காமே, இந்த வாடையைத் தின்ன ஒண்ணு இல்லையா?"

இருக்கு மக்களே. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/
தின்னரில் பெரும்பாலும் டொலுவீன், சைலீன் இருக்கும். பெட்ரோலில் இவற்றோடு பென்சீனும் உண்டு. மூடியைத் திறந்தாலே ஆவியாகி மூக்குக்கு வந்துடும்.

மூணுல மோசமானது பென்சீன். 1897லேயே ஸ்வீடனில் சைக்கிள் டயர் தொழிற்சாலைப் பெண்களுக்கு இதனால் ரத்த உற்பத்தியே நின்றுபோனதை சான்டெசன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ரத்தப் புற்றுநோய் தரும் என்பதும் பின்னாளில் உறுதியானது.

3/
நம்ம கல்லீரல் பென்சீனை வெளியேற்றத்தான் பார்க்கும். ஆனா அந்த முயற்சியில் உருவாகும் பொருட்களே எலும்பு மஜ்ஜையைத் தாக்குது.

சூடோமோனாஸ் போன்ற மண் பாக்டீரியாக்களிடம் வேற வித்தை இருக்கு. காற்றிலுள்ள ஆக்சிஜனை பென்சீன் வளையத்தில் ஏற்றி, வளையத்தையே வெட்டி, அதைச் சாப்பாடாக்கிடும். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்.

4/
இதை வெச்சு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஓர் இந்தியர். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. 1938இல் மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் பிறந்தவர், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர்.

1971வாக்கில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், பெட்ரோலியத்தின் வெவ்வேறு பகுதிகளை உடைக்கத் தெரிந்த 4 பிளாஸ்மிட்களை (பாக்டீரியாக்குள் இருக்கும் வட்ட வடிவ மரபணுத் துண்டுகள்) ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். நாலு பேர் செய்யும் வேலையை ஒரே ஆள் செய்யும்!

5/
1972இல் காப்புரிமை கேட்டார்கள். "உயிருள்ள பொருளுக்கெல்லாம் கிடையாது"ன்னுட்டாங்க. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16 அன்று 5-4 என்ற கணக்கில் சக்ரவர்த்தி பக்கம் தீர்ப்பு. மரபணு மாற்றிய உயிரிகளுக்குக் காப்புரிமை என்ற கதவு திறந்தது அன்றுதான். 2007இல் பத்மஸ்ரீ, 2020இல் காலமானார்.

6/
இப்ப ட்விஸ்ட். அந்தப் புகழ்பெற்ற பாக்டீரியா ஒரு எண்ணெய்க் கசிவைக்கூட சுத்தம் செய்யப் போகவே இல்லை. ஆய்வகத்தில் உருவாக்கிய உயிரியைக் கடலில் விடத் தயக்கம்.

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது என்ன செஞ்சாங்க தெரியுமா? கரையில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போட்டாங்க. ஏற்கெனவே அங்கே இருந்த உள்ளூர் பாக்டீரியாக்களுக்குத் தெம்பு கூடி, எண்ணெய் வேகமாகச் சிதைந்தது.

இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையும் இயற்கையாகக் கிடைத்த பாக்டீரியாக்களின் கூட்டணிதான்.

7/
நம்ம பக்கத்துக்கு வருவோம். 2017 ஜனவரி 28, எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதல். கரையொதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளிய காட்சி நினைவிருக்கா? அள்ளிய கசடைப் பிறகு பாக்டீரியா கொண்டு மக்கவைக்கும் முறையில் சுத்திகரித்தார்கள்.

ஒரு மருத்துவனா எனக்கு உறுத்துறது அந்த 'பிறகு'. எண்ணெயில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி பாக்டீரியா வரும்வரை காத்திருக்காது. முதல் சில நாளிலேயே காற்றில் கலந்துடும். அதைச் சுவாசித்தது வாளியோடு நின்ற மனுஷங்க.

8/
அப்போ காற்றிலேயே பாக்டீரியாவை வேலை வாங்க முடியாதா? முடியும். பேரு பயோஃபில்டர். கழிவுநீர் நாற்றத்தை மண் படுகை வழியே செலுத்திப் போக்கும் முறைக்கு 1957லேயே அமெரிக்காவில் பொமராய் என்பவர் காப்புரிமை வாங்கிட்டார். பின்னர் ஐரோப்பாவில் தொழிற்சாலைக் கரைப்பான் ஆவிக்கும் இது வந்தது. ஈரமான மக்கு உரம், மரச்சில்லு நிரப்பிய பெட்டிக்குள் ஆவியைச் செலுத்தினா, அதில் வளரும் பாக்டீரியா தின்னுடும்.

ஆனா ஒரு நிபந்தனை: முதல்ல அந்தக் காற்றை உறிஞ்சி பெட்டிக்குள்ள அனுப்பணும். அதாவது எக்ஸாஸ்ட் வேணும். அந்தத் தம்பி வேலை செய்யுற இடத்துல அதுவே இல்லை.

9/
அதனால அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

• துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் தூசிக்குத்தான். தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வெச்ச ரெஸ்பிரேட்டர் வேணும்.
• மூடிய அறையில் பெயின்ட் அடிக்காதீங்க. காற்று உங்களைத் தாண்டி வெளியே போகணும்.
• தின்னர், பெட்ரோலில் கை கழுவாதீங்க. தோல் வழியாவும் உள்ளே போகும்.
• வேலை நாளில் மட்டும் தலைவலின்னா, உங்க வேலை என்னன்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

10/
பாக்டீரியா மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்யும், வாய்ப்புக் கொடுத்தா காற்றையும். உங்க நுரையீரலுக்குள்ள வந்து செய்யாது. அங்கே போகாம தடுக்குறது முதலாளி மாட்டுற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.

பெயின்ட், பாலிஷ், பிரின்டிங், பெட்ரோல் பங்க் வேலையில் இருக்கும் சொந்தங்களுக்கு இதை அனுப்புங்க.