அளவுப் புத்தகத்தை வாசிப்பது யார்?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம சபை. ஊர்ப்பெயர் வேண்டாம். விசைத்தறி ஓட்டும் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, நம்ம வீதிக்குப் போட்ட கான்கிரீட்டு எத்தனை இஞ்சுங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் எம் புக்குல இருக்குதுங்க" என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டது.

பதில் பொய்யில்லை. எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அது இருக்கத்தான் செய்யும். அதை யார் வாசிக்கலாம் என்பதில்தான் சிக்கல். இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு.

வெளிப்படைத்தன்மை என்றதும் நம் தமிழ்ப் பேராசிரியர்கள் உத்திரமேரூருக்கு ஓடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்களாக ஒதுக்குகின்றன. ஏரி வாரியம் என்று ஏரிப் பணிக்கே தனி வாரியம். சரி. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட இறை செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். ஏரியில் மண் சுமந்தவருக்கு அந்தச் சபையில் இடமில்லை. கணக்கு இருந்தது, உடைமையாளர்கள் தங்களுக்குள் காட்டிக்கொண்ட கணக்கு அது. 

1850களில் டல்ஹௌசி காலத்தில் உருவான பொதுப்பணித்துறை கணக்கின் திசையை மாற்றியது. நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளவுப் புத்தகத்தில் ஏற, கீழே இருப்பவர் எழுத, மேலே இருப்பவர் சரிபார்க்க, பில் பாஸாகும். எழுத்து ஆங்கிலம். கணக்கு மேலே மட்டுமே போகும், பக்கவாட்டில் போகாது. இதைச் சொல்ல ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை; எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். சுதந்திரம் வந்தபின்னும் இந்தப் புத்தகம் அப்படியே தொடர்ந்தது.

1976இல் அமைந்த சர்க்காரியா கமிஷன் வீராணம் குழாய் ஒப்பந்தத்தை விசாரித்தது. வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்ததோ 2004இல்தான். அன்றிலிருந்து நம் அரசியல் ஊழலை டெண்டர் மேசையில் மட்டுமே தேடப் பழகிவிட்டது என்று தோன்றுகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இந்தப் பழக்கத்தின் குழந்தை. 2000இல் நடைமுறைக்கு வந்தது. டெண்டர் அறிக்கை இதழில் வரவேண்டும், யாருக்குக் கிடைத்தது, மற்றவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்று சொல்லவேண்டும். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆயுதமாவது போட்டியிடும் இன்னொரு கான்ட்ராக்டருக்கு. அவர்களே முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு விலை போட்டால் காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. தவிர, ஆறு இஞ்சு நாலு இஞ்சாவது டெண்டர் திறக்கும் அறையில் அல்ல. ஜல்லி கொட்டிய பிறகு, அளவெடுக்கும்போது.

இந்த இடத்தைத் தொட்டவர்கள் ராஜஸ்தானின் கூலிகள். 1990இல் தேவ்டுங்ரியைத் தளமாகக் கொண்டு உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. மஸ்டர் ரோலை எடுத்து ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. போனவர் கண்ணெதிரே நிற்கிறார். குறைந்த கூலிக்காகத் தொடங்கிய சண்டை இப்படித்தான் ஆவணத்துக்கான சண்டையானது. 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் இந்த உரத்த வாசிப்பு இருக்கிறது. (தமிழ்நாடு 1997இலேயே இப்படி ஒரு சட்டம் போட்டது, விலக்குகளை அடுக்கி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டே போட்டது.)

2005 சட்டத்தின் 2(ஜெ) பிரிவை நம் தோழர்கள்கூட முழுதாக வாசிப்பதில்லை. நகல் மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை இருக்கிறது. ரோட்டையே பெயர்த்துக் கேட்கலாம் என்று பொருள்.

தறிக்காரர் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டார். வந்த நகல் முழுக்க ஆங்கிலம். என்னிடம் கொண்டுவந்தார், தமிழில் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தில் 0.15 மீட்டர். வீதி உடைந்திருந்த ஓரத்தில் டேப்பை வைத்துப் பார்த்தோம்: நாலு இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. "அடுத்த கிராம சபைல இதை நானே படிக்கறனுங்க, நீங்க வர வேண்டியதில்லீங்க" என்றார்.