மேலதிக நேரமும் பிள்ளைக் காம்பராவும்

தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொகையைப் பற்றியே பேசுகின்றனர். அத்தொகை எத்தனை கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு கூறுக்கும் என்ன பெயர் சூட்டப்படுகிறது என்பதை ஊன்றி நோக்குவோர் சிலரே. ஆயினும், இலங்கையின் தொழிலாளர் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலனாகும். ‘சம்பளம்’ என்ற பெயரில் வரும் ரூபாவும், ‘சலுகை’ என்ற பெயரில் வரும் ரூபாவும் ஒரே மதிப்புடையன அல்ல. முதலாவது குட்டி போடும், இரண்டாவது மலடு.

இதற்கான முதற் சான்று மலைநாட்டிலிருந்தே கிடைக்கிறது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்திற்று. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. அக்கூலியோடு சலுகை விலையில் அரிசியும் பிணைக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அரிசி விலை குறைக்கப்பட்டது. அதையே நியாயமாகக் காட்டிக் கூலியும் குறைக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்த சலுகை மறு கையால் கூலியை எடுப்பதற்கு வழிசெய்தது. சலுகையின் பெயரால் தொழிலாளி கற்ற பாடங்களுள் இது மிகக் கசப்பானது.

கொழும்பு நகரத்துத் தொழிலாளி வேறு பாதையில் நடந்தான். கொட்டாஞ்சேனையின் நெருங்கிய குடியிருப்புகளுக்கு அண்மையில் இருந்த துறைமுகம் 1920களில் பெரும் வேலைநிறுத்தங்களைக் கண்டது. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்துக்கு ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கினார். பத்தாண்டுகள் சென்றன. 1933இல் வெள்ளவத்தை நூற்றல் நெசவாலைத் தொழிலாளர் சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் இந்திய வம்சாவளியினர். குணசிங்க இம்முறை எதிர்த்தரப்பில் நின்றார். இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா ஆலைத் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைவரானார். இன்று அந்த ஆலை இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவலொக் சிற்றியின் மாடிக் குடியிருப்புகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆலை போயிற்று, அது எழுப்பிய கேள்வி போகவில்லை. உழைப்பின் நேரத்துக்கு விலை என்ன? அந்த விலையை நிர்ணயிப்பவர் யார்?

இக்கேள்விக்குச் சட்டம் படிப்படியாகவே விடை கூறிற்று. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1954இல் கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வழமையான நேரத்துக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்ற நியதி நிலைபெற்றது. எந்தத் தொகையின் ஒன்றரை மடங்கு? நமது ஆராய்ச்சியின் உயிர்நாடி இக்கேள்வியே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். காரியாலய ஊழியரின் மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து, வருவதை ஒன்றரையால் பெருக்குவது வழக்கம். ஒருத்தியின் சம்பளம் 48,000 ரூபா எனின், ஒரு மணி நேரத்தின் மதிப்பு 200 ரூபா. மேலதிக மணிக்கு 300 ரூபா. மாதத்தில் 40 மணி நேரம் மேலதிகமாக உழைத்தால் 12,000 ரூபா பெறுவாள். இப்பொழுது நிறுவனம் அதே 48,000 ரூபாவை இரண்டாகப் பிரித்து, 36,000 சம்பளம் என்றும் 12,000 பிள்ளைப் பராமரிப்புப் படி என்றும் பெயரிடுகிறது என வைத்துக்கொள்வோம். படியைக் கணக்கில் சேர்க்காவிடில், மணியின் மதிப்பு 150 ஆகிறது; மேலதிக மணிக்கு 225; நாற்பது மணிக்கு 9,000. கைக்கு வரும் மாதத் தொகை மாறவில்லை; ஆனால் அவளது களைப்பின் விலை 3,000 ரூபா குறைந்துவிட்டது.

இழப்பு அத்துடன் முடிவதில்லை. அப்படி சேமலாப நிதிக் கணக்கிலும் சேராதெனின், முதலாளி செலுத்தவேண்டிய நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்தில் மாதந்தோறும் 1,440 ரூபா மறைகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் அளிக்கிறது. இருபது ஆண்டுகள் உழைத்தவள் இறுதிச் சம்பளம் 48,000 எனின் 4,80,000 ரூபாவும், 36,000 எனின் 3,60,000 ரூபாவும் பெறுவாள். பிள்ளை வளர்ந்து பள்ளி முடித்துச் சென்ற பின்னும், அதன் தொட்டிற் பருவத்துச் சலுகை தாயின் முதுமையைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் எழுந்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மேலதிக நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் விதித்ததோடு, சலுகை விலையில் வழங்கப்படும் தானியத்தின் பணமதிப்பையும் அக்கணக்கில் சேர்க்குமாறு பணித்தது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் ‘வழமையான வீதத்தின்’ ஒன்றரை மடங்கை விதித்தது. ஆனால் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் முதுமை, மருத்துவக் காப்புறுதி போன்றவற்றுக்கு முதலாளி மூன்றாமவரிடம் செலுத்தும் தொகைகளை அவ்வீதத்திலிருந்து விலக்கிற்று. 2016இல் கலிபோர்னியாவின் சான் கேபிரியல் நகரப் பொலிசார் தொடுத்த வழக்கிலே, மருத்துவ நன்மைக்குப் பதிலாக ரொக்கமாக வழங்கப்பட்ட பணம் அவ்வீதத்தில் சேரவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நம் நாட்டிலும் 2005, 2016ஆம் ஆண்டுகளில் சட்டத்தால் வழங்கப்பட்ட வரவுசெலவுத்திட்ட நிவாரணப் படிகள் மேலதிக நேரக் கணக்கிலும் சேமலாப நிதிக் கணக்கிலும் சேர்க்கப்பட்டன. ஆகவே, ‘படி’ என்ற பெயர் இயற்கை நியதியன்று. சேர்ப்பதும் விலக்குவதும் மனிதர் செய்யும் முடிவு. சங்கத்தின் வலிமை அம்முடிவை மாற்றவல்லது.

இதுவரை பணத்தைப் பார்த்தோம். இனி நேரத்தைப் பார்ப்போம். மகப்பேற்று நன்மைகள் சட்டத்திலே ஆழ்ந்த பொருள் பொதிந்த ஒரு விதி உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேரத்துள் இரண்டு இடைவேளைகள் அளிக்கப்படவேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லாவிடில் ஒவ்வொன்றும் ஒரு மணி. அதாவது, காப்பகம் கட்டும் முதலாளி நாளொன்றுக்கு ஒரு மணி நேர உழைப்பைத் திரும்பப் பெறுகிறார். மாதத்தில் 25 வேலை நாள் எனின் ஒரு தாயிடமிருந்து 25 மணி நேரம். காப்பகம் முதலாளியின் தர்மம் மட்டுமன்று. அது உழைப்பு நேரத்தை மீட்டுத்தரும் கருவியுமாகும். மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பிள்ளைக் காம்பரா’ இருந்ததன் இரகசியமும் இதுவே. தாயின் கைகள் கொழுந்தில் இருக்கவேண்டுமானால், குழந்தை வேறெங்கோ இருக்கவேண்டும்.

அந்தக் காம்பராவின் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது? மேலதிக வேலை மாலையில் தொடங்குகிறது. காப்பகமோ பெரும்பாலும் மாலையிலேயே மூடப்படுகிறது. பிள்ளையை அழைத்துவரப் புறப்படுபவள் மேலதிக நேரத்தை இழக்கிறாள். வீட்டில் பாரிசவாதத்தால் படுத்திருக்கும் மாமியாரைப் பார்க்க விரைபவளின் நிலையும் அதுவே. ஒன்றரை மடங்கு ஊதியம் சட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். நடைமுறையிலே அது வீட்டுப் பொறுப்பு இல்லாதவனுக்கு உரியதாகிவிடுகிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்கள் கைத்தொழில்களில் இரவு வேலை செய்ய இடமளித்தது. இரவுக்கு ஆலைக் கதவு திறந்தது. இரவுக்குக் காப்பகக் கதவு திறந்ததா? இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, அமெரிக்காவின் போட்லண்ட் நகரக் கப்பல் தளங்களில் கைசர் நிறுவனம் இரவு வேலையாளரின் பிள்ளைகளையும் ஏற்கும் காப்பகங்களை நடத்தியது. செலவு கப்பல் கட்டும் கணக்கினூடாக அரசிடமே சென்றது. போர் முடிந்ததும் அவை மூடப்பட்டன. இயலாத காரியம் என்று எதுவும் இல்லை; தேவைப்பட்டவர் யார் என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் கூறுவது பராமரிப்புச் சலுகைகளை வேண்டாமென்று தள்ளுவதற்காக அன்று. பசித்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிப் பயனில்லை. ‘எல்லாச் சலுகையையும் சம்பளத்தோடு சேர்த்தால், முதலாளிமார் எதையுமே கொடுக்கமாட்டார்கள்’ என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. தனித்தனி முதலாளியின் தோளில் இச்செலவை ஏற்றினால், அவர் தாய்மாரை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். இதனை உணர்ந்தே 1952ஆம் ஆண்டின் சர்வதேச மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், மகப்பேற்று நன்மைகளின் செலவுக்குத் தனி முதலாளி பொறுப்பாளியாதல் கூடாது என்றது. இலங்கை 1993இல் அச்சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பிள்ளைப் பராமரிப்புக்கும் பொருந்தக்கூடிய அந்த நியாயம் இன்னும் செயலுருப் பெறவில்லை.

ஆகவே, ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் தொழிற்சங்கம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. சலுகை சம்பளத்துக்கு மேலாக வருகிறதா, சம்பளத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறதா? ரொக்கமாக வரும் படி மேலதிக நேரம், சேமலாப நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் கணக்கில் சேர்கிறதா? மேலதிக வேலை முடியும் வரை காப்பகம் திறந்திருக்கிறதா? கணக்கறிந்த ஆசிரியரும் மாணவரும் தொழிலாளருக்குச் செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது. சம்பளச் சீட்டை வாங்கிக் கூறு கூறாக வாசித்து, எந்த வரி எந்த வரியைத் தின்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். 1933இல் வெள்ளவத்தைத் தொழிலாளர் குறைப்பைக் கண்ணால் கண்டனர், அதனால் எதிர்த்தனர். இன்றைய குறைப்பு சலுகையின் வேடத்தில் வருகிறது. அதனை முதலில் கண்ணுக்குப் புலனாக்கவேண்டும். எதிர்ப்பு அதன் பின்னரே பிறக்கும்.