பிரசவகால உள்பரிசோதனை

பிரசவ வலி கண்ட பெண்ணின் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எதுவரை இறங்கியிருக்கிறது, பனிக்குடம் உடைந்துவிட்டதா என்பதையெல்லாம் கையுறை அணிந்த இரு விரல்களால் பிறப்புறுப்பின் வழியே தொட்டறியும் பரிசோதனை. பிரசவ வார்டில் 'பி.வி. பார்ப்பது' என்பார்கள். முழுத் திறப்பு 10 செ.மீ. வெளியே காத்திருக்கும் உறவினருக்கு "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று விரல் கணக்கில்தான் சேதி வரும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆகவே மதுரைச் சீமையிலும் இந்தப் பரிசோதனையைச் சந்திக்காமல் சுகப்பிரசவம் கண்ட தாய் அரிது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஒரு பெண் அனுப்பப்பட்டால், அனுப்பும் இடத்தில் ஒருமுறை, சேரும் இடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டிவரும். ஷிப்டு மாறினால் வேறொருவர் பார்க்கவும் கூடும். மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவமனைகளில் பயிற்சி மாணவர்களும் இதைச் செய்து பழகியாக வேண்டும். அந்தத் தேவை நியாயமானதே. ஆனால் அதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது கை வைத்தால் தொடை இறுகும், மூச்சு அடைக்கும், இடுப்பு தானாக மேலே நகரும். அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று அதட்டுவது கொடுமை. வலி தணியும்வரை பொறுத்து, "இப்ப பாக்கப் போறேன்மா, மூச்சை மெதுவா விடு" என்று சொல்லிச் செய்தால் அதே பரிசோதனை தாங்கக்கூடியதாகிறது. திரையில்லாத கட்டில், யாரென்றே தெரியாத கை, என்ன தெரிந்தது என்று சொல்லாமலே நகர்ந்துவிடுவது ஆகியவை உடல் வலி ஆறிய பிறகும் உறுத்துபவை. வெட்கத்தால் பலர் இதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், சிக்கலில்லாத பிரசவத்தில் வலி தீவிரமடைந்த கட்டத்தில் 4 மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது; பலர் மாறி மாறிப் பார்ப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. கிருமித்தொற்று அச்சமும் இதற்கொரு காரணம். பரிசோதிக்கும் கைகளே பிரசவக் காய்ச்சலைப் பரப்புகின்றன என்பதை வியன்னாவில் மருத்துவர் செம்மல்வெய்ஸ் 1847இலேயே கண்டறிந்தார். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்க மத்திய அரசு 2016இல் வழிசெய்தது; 2017இல் தொடங்கிய 'லக்‌ஷ்யா' திட்டம் மறைவையும் மரியாதையான கவனிப்பையும் பிரசவ அறையின் தரத்தோடு சேர்த்தது. அம்மாவோ அக்காவோ தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டால் அதட்டல் தானாகக் குறையும்.

பிரசவத்துக்கு முன் ரத்தப்போக்கு இருந்தால், நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைக்கவில்லை என்று ஸ்கேனில் உறுதியாகும்வரை உள்பரிசோதனை செய்யக் கூடாது. விரல் பட்டால் ரத்தம் பெருக்கெடுத்துத் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.