சான்றில்லாத கம்பைலரும் சுண்ணாம்புக்கல் எடைச்சீட்டும்

அரியலூர்ப் பக்கம் தொழில் என்றால் முதலில் சுண்ணாம்புக்கல். அரசின் டான்செம் ஆலை 1979 முதல் இருக்கிறது. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் ஆலைகளும் உண்டு. கல் ஏற்றிவரும் டிப்பர்களுக்கு எடைமேடையில் சீட்டு போட வேண்டும். அதற்கான மென்பொருளைப் பெரம்பலூரில் ஒரு சிறு நிறுவனம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி கம்பைலர் போதுமா, சான்று பெற்ற கம்பைலரைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? ஜிசிசி போதும் என்பதே என் வாதம். ஆனால் அதே ஆலையின் சூளையில் எரியும் பர்னரைக் கட்டுப்படுத்தும் நிரலுக்கு இந்த விடை செல்லாது.

சான்று என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட சோதனைத் தொகுப்பில் தேறியதற்கான சீட்டுதான். 1983இல் முதன்முதலாகச் சான்று பெற்ற அடா மொழிக் கம்பைலர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அடா/எட். அது ஓடிய வேகத்துக்கு அதை வைத்து யாரும் தொழில் நடத்த முடியாது. மறுபுறம் ஜிஎன்யூ கோபால் என்ற இலவசக் கம்பைலர், அமெரிக்கத் தர நிறுவனத்தின் கோபால்-85 சோதனைகளில் 9,700க்கு மேல் தேறியும், தரத்துக்கு இணங்கியதாக உரிமை கோருவதில்லை. 2011இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீஸ்மித் என்ற கருவியால் 325க்கும் அதிகமான கம்பைலர் பிழைகளைக் கண்டறிந்து தெரிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கும் கம்பைலர்களும் அதில் தப்பவில்லை.

எடைச்சீட்டுக் கணக்கு கெடுவது பெரும்பாலும் வேறிடத்தில். 1.15 ரூபாயை டபுள் என்ற மிதவைப் புள்ளி எண் வகையில் வைத்து, 100ஆல் பெருக்கி, முழு எண்ணாக வெட்டினால் 114 பைசாதான் வரும். எந்தச் சான்றும் இதைத் தடுக்காது, ஏனெனில் கம்பைலர் விதிப்படியே நடந்திருக்கிறது. கிலோவையும் பைசாவையும் முழு எண்ணிலேயே வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அப்படியும் கம்பைலர் பிழை நுழைந்தால்? மொத்த எடை 42,380 கிலோ, வெற்று வண்டி 14,260, நிகரம் 28,120. ஓட்டுநர் கையில் சீட்டு இருக்கிறது, அதைக் கையாலேயே கழித்துப் பார்க்கலாம். எடைமேடையின் இண்டிகேட்டரில் எண் தெரிகிறது. மாதக் கடைசியில் சுரங்கக் கணக்கோடு ஆலைக் கணக்கை ஒப்பிடலாம். கம்பைலரைச் சாராத சாட்சிகள் இத்தனை இருக்கும்போது தவறு வெளிப்படும், பணத்தையும் நேர்செய்துவிடலாம்.

பர்னரில் அந்த அவகாசம் கிடையாது. சுடர் அணைந்ததை நிரல் கவனிக்கத் தவறினால், எரியாத நிலக்கரித்தூள் சேர்ந்து வெடித்துவிடும். பிறகு எந்தக் கணக்கை ஒப்பிட்டு என்ன பயன்? ஐஇசி 61508 என்ற பாதுகாப்புத் தரம் நிரலோடு நில்லாமல், அதை உருவாக்கும் கருவிக்கும் நியாயம் கேட்பது இதனால்தான். அங்கே சான்றுக்கான செலவைக் குறைக்க நினைப்பது கஞ்சத்தனம்.

எடைச்சீட்டுக்குத் திரும்பினால், ஜிசிசியின் உரிமம் குறித்த பயம் தேவையற்றது: அதன் இயக்கநேர நூலகத்துக்கு உள்ள விதிவிலக்கு, மூடிய மென்பொருளை விற்க இடம் தருகிறது. கம்பைலரின் பதிப்பு விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். பதிப்பும் ஆப்ஷன்களும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கம்பைலரை மாற்றினால், பழைய சீட்டுகளை மறுபடி ஓட்டி, ஒரு கிலோகூட மாறவில்லை என்று பார்த்த பிறகே புதிய நிரலை எடைமேடைக் கணினியில் ஏற்ற வேண்டும்.