நீர்மலையில் ஒரு பாலைவன வீடு

போன மாசம் என் அக்கா மகன் துபாயிலேர்ந்து வாட்ஸ்அப்பில் வரிசையா படம் அனுப்பினான். எல்லாம் பாலைவனத்து வீடுகள். தடிச்ச சுவர், சின்ன ஜன்னல், நடுவுல முற்றம், தரைக்கடியில தண்ணித் தொட்டி. ஊருக்குத் திரும்பி வீடு கட்டப் போறான். "மாமா, நம்ம வீட்டையும் இப்படியே கட்டிடலாம். இனிமே சென்னையும் பாலைவனம்தானே?"ன்னு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துது. எங்க ஊர் பேரே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் இங்கே வந்தப்போ மலையைச் சுத்தித் தண்ணி நின்னுதாம். வடியட்டும்னு ஆறு மாசம் காத்திருந்து சேவிச்சுட்டுப் போனாராம். கோயில்ல இன்னிக்கும் சொல்ற தல வரலாறு இது. அடிவாரத்துப் பெருமாள் பேர் நீர்வண்ணர். அந்த ஊர்ல பாலைவன வீடா?

ஆனா பையன் கேட்டதுல நியாயம் இருக்கு. 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துது. எங்க தெருவுல ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்காகக் குடம் வரிசை கட்டி நின்னுது. அதுக்கு மூணரை வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, அடையாறு பொங்கி இதே சுத்துவட்டாரத்துல ஜனங்களைப் படகுல ஏத்தினாங்க. ஜெய்சல்மர்ல வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை தேறினா பெரிசு. சென்னைக்கு சராசரி சுமார் 1,400. ஏழு மடங்கு மழை வாங்குற ஊர் எப்படிக் குடத்தோட நிக்குது?

எங்க தாத்தா கட்டினது நாட்டு ஓட்டு வீடு. நாலு பக்கத்துக் கூரையும் உள்பக்கமாச் சரிஞ்சு முற்றத்துல தண்ணியைக் கொட்டும். மூலையில தகரத்தை வளைச்சு வாய்க்கால் மாதிரி வெச்சு, அதுக்கு நேரா ஒரு பெரிய அண்டா. முதல் ரெண்டு மழையைப் பாட்டி தொடவே மாட்டாங்க, ஓட்டு மேல இருக்கிற குப்பை கழுவிப் போகட்டும்னு. மூணாவது மழையிலேர்ந்துதான் அண்டாவுக்கு வெள்ளைத் துணி கட்டுவாங்க. எங்க கிணத்துத் தண்ணியில துவரம்பருப்பு லேசுல வேகாது. மழைத்தண்ணியில மலர்ந்து வேகும். ஐப்பசி, கார்த்திகைச் சாம்பார் ருசிக்கு அதுதான் காரணம்னு பாட்டி சத்தியம் பண்ணுவாங்க.

அண்டா நிறைஞ்சு வழியறது முற்றத்துத் தூம்பு வழியா தெரு வாய்க்காலுக்குப் போய், அங்கேயிருந்து ஏரிக்கு. ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா அடுத்த ஊர் ஏரிக்கு. செங்கல்பட்டுச் சீமை முழுக்க இப்படித்தான் ஏரிச் சங்கிலி. 1767லேர்ந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கிற இங்கிலீஷ்காரர் இந்தச் சீமையை ஊர் ஊரா அளந்தார். அந்தக் கணக்குல விளைச்சல்ல ஒரு பங்கை ஏரிக்குன்னே ஒதுக்கினது தெரியுது. கோயிலுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்குன்னு களத்துமேட்டுலயே நெல்லைப் பிரிச்சிருக்காங்க.

இதே வேலையை இன்னும் அக்கறையா செஞ்சவங்க செட்டிநாட்டுக்காரங்க. அது ஜீவநதி இல்லாத செம்மண் காடு. காவிரிப்பூம்பட்டினத்துல கடல் பொங்கி எல்லாம் போச்சு, அதான் அவங்க மேட்டு நிலம் தேடி வந்தாங்கன்னு பரம்பரையாச் சொல்றாங்க. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனா பாருங்க, வீட்டுத் தளம் தெருவைவிட நல்ல உயரம். பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. நான் போனப்போ அண்ணாந்து ஓட்டுச் சரிவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டுலயும் ஒரு முற்றம், முற்றத்து மழை பாத்திரத்துக்கு, மிச்சம் தெரு வழியா ஊருணிக்கு. குடிக்கிற ஊருணி வேற, குளிக்கிற ஊருணி வேற. தண்ணியில மிதந்த பயமும் தண்ணியில்லாத பயமும் ஒரே வீட்டுக்குள்ள!

ராஜஸ்தான்காரனுக்கு மிச்சத்தை அனுப்ப ஏரி கிடையாது. அதனால வீட்டுக்கு அடியிலயே சுண்ணாம்பு பூசின தொட்டி, 'டாங்கா'ன்னு பேர். மூடியே இருக்கும், வெயில் படாது, பாசி பிடிக்காது. குஜராத்ல போர்பந்தர்ல காந்தி குடும்பத்து வீட்டுலயும் இப்படி ஒரு நிலத்தடித் தொட்டி இருக்கு.

இப்ப நம்ம கதை. நான் 1994ல தாத்தா வீட்டை இடிச்சேன். ஓடு மாத்த ஆள் கிடைக்கலைன்னு வெளியில சொல்லிக்கிட்டேன். நிஜம், பக்கத்து வீட்டுல மொட்டை மாடி வந்துடுச்சு, எனக்கும் வேணும்னு ஆசை. முற்றத்தை மூடி ஹாலாக்கினேன். மாடித் தண்ணி நேரா தெருவுக்குப் போச்சு. தெருவுக்கு சிமெண்ட் போட்டாச்சு. வாய்க்கால் சாக்கடையாச்சு. ஏரிக்குப் போக வேண்டியது பள்ளத்து வீடுகளுக்குள்ள போச்சு. 2015ல தண்ணி ஏறின வீடுகள்ல என் மாடித் தண்ணியும் கொஞ்சம் இருந்திருக்கும்.

2003ல அரசாங்கம் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொல்லிச்சு. அதுக்கு முன்னாடியே சேகர் ராகவன் பெசன்ட் நகர்ல வீடு வீடாப் போய் இதைச் சொல்லிக்கிட்டிருந்தார். 2002ல மழை மையமும் வெச்சாங்க. நல்ல சட்டம்தான். ஒழுங்காச் செஞ்ச இடங்கள்ல கிணறு ஏறிச்சு. நான் என்ன செஞ்சேன்? ரெண்டடிக்குக் குழி, அதுல உடைஞ்ச செங்கல், மேல ஒரு பிவிசி பைப். பார்க்க வந்தவருக்குக் காட்டியாச்சு. மறு வருஷமே மண் மூடிடுச்சு. என்னை மாதிரி எத்தனை பேரோ.

அதனால பையன்கிட்ட "கட்டலாம்டா, ஆனா படத்துல இருக்கிற மாதிரி இல்லை"ன்னு சொல்லிட்டேன். தடிச்ச சுவரும் சின்ன ஜன்னலும் நம்ம புழுக்கத்துக்கு ஆகாது. இங்கே காத்து ஓடணும். முற்றம் வேணும், தொட்டி வேணும். ஆயிரம் சதுர அடி மாடியில விழறது வருஷத்துக்கு லட்சம் லிட்டருக்கு மேல. அத்தனையும் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டுல நாலு பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர், எட்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டா பத்தாயிரம் லிட்டர்கூட வராது. பத்தடிக்கு ஏழடி, ஆழம் ஆறரை அடின்னு ஒரு சம்ப் போட்டா பன்னிரண்டாயிரம் நிக்கும். வழியறது கிணத்துக்கு. கிணறு நிறைஞ்சப்புறம்தான் தெருவுக்கு.

மேஸ்திரி ஒத்துக்கலை. "அந்த இடத்துல ஒரு கார் நிறுத்தலாமே சார்"ங்கிறார். வாடகைக்கு விட்டா கார் பார்க்கிங்குக்குத் தனி காசாம். பையனும் போன்ல கொஞ்சம் தயங்கினான். கடைசியில சம்ப் மேலயே கான்கிரீட் மூடி போட்டு கார் நிறுத்தறதுன்னு முடிவாச்சு. புரட்டாசிக்குள்ள தளம் போட்டுடணும். முதல் ரெண்டு மழையை வெளியே விட தனி வால்வு வேணும்னு சொன்னேன். மேஸ்திரி ஏன்னு கேட்டார். பாட்டி கதையைச் சொல்லிக்கிட்டிருக்கேன்.