பைத்தியக்காரன் கோட்பாடு

தாம் எதற்கும் துணிந்தவர், அணுகுண்டைக்கூட வீசக்கூடியவர் என்று எதிரியை நம்பவைத்து, அந்த அச்சத்தைக் கொண்டே பேச்சுவார்த்தையில் அவரைப் பணியவைக்க முயலும் உத்தி. வியட்நாம் போரை முடிக்க அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் இதைக் கையாண்டார். 1968 தேர்தல் காலத்தில் கடற்கரையில் நடந்துகொண்டே நிக்சன் தம்மிடம் இதை விளக்கியதாக அவருடைய உதவியாளர் எச். ஆர். ஹால்டிமன் 1978இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

இந்த எண்ணம் நிக்சனுக்கு முன்பே இருந்தது. பித்தனைப் போல நடந்து மிரட்டுவதன் அரசியல் பயனை, ஹிட்லரை எடுத்துக்காட்டி, போர் உத்தி ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பர்க் 1959இல் பாஸ்டனில் ஆற்றிய உரைகளில் ஆராய்ந்தார். 1953இல் கொரியப் போர் நின்றது அன்றைய அதிபர் ஐசனோவரின் அணு மிரட்டலால்தான் என்று அவரிடம் துணை அதிபராக இருந்த நிக்சன் உறுதியாக நம்பினார். அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததை ஒதுக்கிவிட்டு அந்தப் போர்நிறுத்தத்தை விளக்க முடியாது.

1969 நவம்பர் 1க்குள் பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் இல்லையென்றால் கடும் விளைவுகள் நேரும் என்று வடவியட்நாம் தலைநகர் ஹனோய்க்கு மறைமுகமாகச் சொல்லப்பட்டது. அக்டோபரில் அமெரிக்க அணுப்படைகள் ரகசியமாக உஷார் நிலைக்குக் கொண்டுவரப்பட்டன. மாதக் கடைசியில் அணுகுண்டு ஏந்திய பி-52 விமானங்கள் வடதுருவப் பகுதியில் வட்டமிட்டன. வடவியட்நாமை ஆதரித்த சோவியத் தலைமை மிரண்டு ஹனோயை நெருக்கும் என்பது கணக்கு. உலகையே பணயம் வைத்த இந்தச் சூதாட்டம் அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் நடந்தது, மன்னிக்கத்தக்கதல்ல.

கணக்கு பொய்த்தது. ஹனோய் தன் போரைத் தானே நடத்தியது. மாஸ்கோ சொல்லி அது நிற்கப்போவதில்லை. ஜூன் மாதமே 25,000 வீரர்களைத் திருப்பி அழைப்பதாக நிக்சன் அறிவித்திருந்தார். அக்டோபர் 15 அன்று அமெரிக்காவெங்கும் மக்கள் போருக்கு எதிராகத் திரண்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டே மிரட்டுபவருக்கு யார் அஞ்சுவார்? நவம்பர் 1 வந்தது. வடவியட்நாம் மீது திட்டமிட்டிருந்த தாக்குதல் கைவிடப்பட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை, கிறிஸ்துமஸ் நாள் நீங்கலாக, ஹனோய், ஹைபோங் நகரங்கள் மீது பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. வியட்நாமியக் கணக்கின்படி 1,600க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். 15 பி-52 விமானங்கள் வீழ்ந்தன. 1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை, முந்தைய அக்டோபரிலேயே இசைந்திருந்த வரைவிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. தெற்கிலிருந்த வடவியட்நாம் படைகள் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை இரண்டிலுமே இல்லை.